மிஞ்சிய நேரத்தில் பின்னியதல்ல

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரூபி டீச்சரைப் பற்றி எழுத இந்தப் பள்ளியில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவருடன் ஒரே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறியவர்கள் இருக்கிறார்கள். நான் வந்தே மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. அதுவும் தினக்கூலி ஆசிரியை. ஸ்டாஃப் மீட்டிங்கில் நான் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. டீச்சருக்கு நடந்த அஞ்சலிக் கூட்டத்திலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். பேச வேண்டிய இடத்தில் பேசாதவள் எழுத மட்டும் முன்னால் வருவது சரியா என்று தெரியவில்லை. ஆனாலும், “பக்கத்து நாற்காலிக்காரி நீதானே, நினைவு மலருக்கு நீயே எழுதும்மா” என்று ஹெச்.எம். சார் சொன்னபோது நான் மறுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் டீச்சரைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் தப்பு. அதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

செய்தி வந்தபோது நான் வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தையில் நின்றிருந்தேன். பூஜை விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா ஒரு கறவை மாட்டின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. ஆண்டு விழாவில் எடுத்த படம். அந்தப் படத்தின் முழு வடிவம் எனக்குத் தெரியும். அதில் டீச்சரின் மடியில் நூல் உருண்டையும் கையில் ஊசிகளும் இருக்கும். குழுவில் வந்த படத்தில் கழுத்துக்குக் கீழே வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் இரண்டு பூக்கள். கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’.

“ஏங்கண்ணு, மூஞ்சி இப்பிடிப் போச்சு?” என்றார் அப்பா.

“எங்க டீச்சருங்கப்பா. நெஞ்சு வலின்னு காலையில விழுந்தாங்களாமாங்க. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள…”

“எந்த டீச்சரு? அந்த சொட்டர் டீச்சரா?”

நான் தலையசைத்தேன். அப்பா மாட்டின் கயிற்றைத் தரகரிடம் நீட்டினார். “ஏனுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டு என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவர் டீச்சரைப் பார்த்ததே இல்லை. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி நான் மலையேறிச் சின்னக்கானல் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் பள்ளியில் கூட்டம் நடந்தது. பெற்றோர் சங்கத்தின் சார்பில் பேசியவர், “குடும்பத்தையும் பள்ளிக்கூடத்தையும் ஒரு குறையில்லாமல் கவனித்து, மிஞ்சிய நேரத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்த உத்தமி” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தப்பான வாக்கியம் அதுதான். அதன் பிறகு ஒரு தீர்மானம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று வைப்பது. டீச்சர் பின்னிய ஸ்வெட்டர்களையெல்லாம் சேகரித்து அதில் அடுக்குவது. அவர் பாதியில் விட்டுப்போன ஸ்வெட்டரை ஊசியோடு அப்படியே நடுவில் வைப்பது. கைதட்டல் எழுந்தது.

அந்தப் பாதி ஸ்வெட்டர் அபிஷாவுடையது. நான் பாடம் எடுக்கும் ஒன்றாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, காலையில் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதும் சிறுமி. அவளுக்காகப் பின்னிய முதுகுப் பக்கம் முடிந்துவிட்டது. முன்பக்கம் முடிந்துவிட்டது. ஒரு கை முடிந்துவிட்டது. இன்னொரு கை இல்லை. டிசம்பர் வரப்போகிறது. இங்கே டிசம்பரில் புல்லின் மேல் உறைபனி உட்கார்ந்திருக்கும் என்பதைக் கைதட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரூபி டீச்சருக்கு மிஞ்சிய நேரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காலையில் அந்த வீட்டில் எப்போது அடுப்பு எரியத் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். மாமியாருக்கு மாத்திரை, மகளுக்கு டிபன், மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் சேர்த்துப் பாடம், மாலையில் துணி, ஞாயிற்றுக்கிழமை கோவில், கோவில் முடிந்து வரும் விருந்தாளிகள். இதில் எங்கே மிஞ்சும்? அவர் நேரத்தை எடுத்துக்கொண்டார். யாராவது கொடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. எடுத்ததை ஒளிக்கவும் இல்லை. இதைச் சொல்லாமல் அவரை உத்தமி என்று சொன்னால், அவர் பட்ட பாட்டை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொள்வதாகும்.

என் முதல் நாளைச் சொல்கிறேன். ஜூன் மாதம். எங்கள் ஊரில் ஜூன் என்றால் வெயில் சற்றுக் குறையும், அவ்வளவுதான். நான் ஒரு பருத்திப் புடவையில், மடக்குக் குடையோடு இந்த மழைக்குள் வந்து இறங்கினேன். ஸ்டாஃப் ரூமில் பல் கிடுகிடுத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பின்னுவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார்.

“ஏ பிள்ள, எந்த ஊரு?”

“வேலந்தாவளம்ங்க டீச்சர். பாலக்காட்டுப் பக்கம்ங்க.”

“அங்க குளிராதோ?”

“குளிராதுங்க டீச்சர்.”

“நீ வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுதியே, ஒடம்புல இருக்கிற சூட்டுல பாதி அதுலயே போயிருதுட்டி. வாய மூடிக்கிட்டுக் கைய நீட்டு.”

டேப் எதுவும் எடுக்கவில்லை. ஒரு துண்டு நூலை என் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிடித்து, அங்கங்கே முடிச்சுப் போட்டு, சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். ஆடி மழை பிடித்துக்கொண்டபோது ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் என் மேசையில் கிடந்தது. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். “இது ஒனக்குக் குடுக்கல. போட்டுக்கச் சொல்லுதேன். மலய விட்டு எறங்கும்போது கழத்திக் குடுத்துரணும்” என்றார்.

அவரிடம் ஸ்வெட்டர் வாங்கியவர்களுக்கு இந்த விதி தெரியும். வெளியே இருந்து கேட்பவர்களுக்குத்தான் விநோதமாக இருக்கும். அவர் யாருக்கும் ஸ்வெட்டரைச் சொந்தமாகக் கொடுத்ததில்லை. பிள்ளை வளர்ந்து, மணிக்கட்டு வெளியே தெரியத் தொடங்கியதும் அது திரும்பி வர வேண்டும். வந்ததைப் பிரிப்பார்கள். பிரிப்பது அவருடைய கணவர் சாலமோன் அண்ணனின் வேலை. தேயிலை ஃபாக்டரியில் மெக்கானிக்காக இருக்கும் அவர் சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்வெட்டரின் ஓரத்தில் சரியான முடிச்சைத் தேடிப் பிடித்து இழுப்பார். விறுவிறுவென்று வரி வரியாகக் கழன்று வரும். நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டால் மறுபடியும் நேராகும். அதில் அடுத்த பிள்ளைக்கு ஸ்வெட்டர். பிள்ளைகள் புது ஸ்வெட்டரைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்பது, “டீச்சர், இது யாரோடது?” என்றுதான். அவர் கையையும் முதுகையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்வார். “என் முதுகுல சதீஷ் அண்ணன், கையில ஜெனிபர் அக்கா” என்று அவர்கள் வராந்தாவில் பீற்றிக்கொண்டு ஓடுவார்கள்.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் ஒரு தாய் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஏன் டீச்சர், குடுத்தத திருப்பிக் கேக்கிறது எந்த ஊரு வழக்கம்? நாங்க என்ன கதியத்தவங்களா?”

“கதியத்தவங்கன்னு யாரு சொன்னா? ஒங்க மகன் வளந்துட்டான். அதத்தான் சொல்லியனுப்புனேன். சந்தோசமான சமாச்சாரம்தான?”

“ஞாபகமா வச்சிருக்கலாம்னு பாத்தேன்.”

“பெட்டியில வச்சா பூச்சிக்குத்தான் ஞாபகம் இருக்கும். கொண்டாங்க.”

அந்த அம்மா அடுத்த நாள் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து மேசை மேல் வீசிவிட்டுப் போனார். டீச்சர் அதைத் தட்டி மடித்தார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. மறு வருடம் அதே அம்மாவின் சின்ன மகள் ஒன்றாம் வகுப்புக்கு வந்தாள். முதல் அளவு அவளுக்குத்தான் எடுத்தார். ‘ஏழைக் குழந்தைகளுக்கு’ என்று கூட்டத்தில் சொன்னார்களே, அதுவும் சரியில்லை. நடுங்குகிற பிள்ளை யாருடையது என்று அவர் விசாரித்ததில்லை. எஸ்டேட் ஆபீசரின் மகனும் அளவு கொடுத்திருக்கிறான், அவனும் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

பின்னத் தொடங்குகிறவர்கள் பலர். முடிப்பவர்கள் சிலர்தான். இது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்டாஃப் ரூமிலேயே இரண்டு பேருடைய பைகளில் முதுகு மட்டும் பின்னிய ஸ்வெட்டர்கள் இருந்தன. பின்னும்போது இருக்கிற சுகம், முதுகையும் முன்பக்கத்தையும் கைகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கும்போது இருக்காது. கழுத்துப் பட்டி எடுக்க வேண்டும். தொங்குகிற நூல் முனைகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகி மறைக்க வேண்டும். கண் வலிக்கும், இடுப்பு வலிக்கும், ஒருவரும் பாராட்டவும் மாட்டார்கள். “பின்னுதது ஆசை பிள்ள. சேக்கிறதுதான் வேலை” என்பார் டீச்சர். அந்த வேலைக்கு அவர் ஒரு முழு நாளை ஒதுக்குவார். வீட்டில் அதற்குச் சேர்ப்பு நாள் என்று பெயர். அன்றைக்கு அவர் சமைக்க மாட்டார், துவைக்க மாட்டார், யார் வந்தாலும் எழுந்து வர மாட்டார்.

ஒரு சேர்ப்பு நாளில் நான் ஏதோ கேள்வித்தாள் விஷயமாக அங்கே போய்விட்டேன். முன்னறையில் இரண்டு விருந்தாளிகள். அடுப்படியில் சாலமோன் அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. மாமியார் எனக்குக் கேட்கும்படியும் கதவுக்குக் கேட்கும்படியும் சொன்னார்:

“ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓடுத கை, ஊட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு ரசம் வைக்க ஓட மாட்டேங்கு.”

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “அத்தே, ரசம் ஒங்க மகன் நல்லா வைப்பாரு. அவருக்குக் கழுத்துப் பட்டி தைக்கத் தெரியாது. யாருக்கு எது தெரியுமோ அதச் செய்யுதோம்.”

“நல்லா வைப்பேன்னு யாரு சொன்னா?” என்றார் அடுப்படிக்காரர்.

“நேத்து நீங்கதான் சொன்னீங்க.”

விருந்தாளிகள் சிரித்தார்கள். மாமியாரும் வாயைச் சுளித்துக்கொண்டு சிரித்துவிட்டார். ரசத்தில் உப்பு அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

வார நாளில் சேர்ப்பு வந்தால் டீச்சர் லீவு போடுவார். அந்த லீவு விண்ணப்பம்தான் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பெரிய சண்டையானது. ஹெச்.எம். சார் அதை வாசித்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“டீச்சரே, என்ன இது? ‘ஸ்வெட்டர் சேர்ப்பதற்காக ஒரு நாள் விடுப்பு.’ காய்ச்சல்னு எழுதிக் கொடுங்க.”

“எனக்குக் காய்ச்சல் இல்லியே சார்.”

“சரி, சொந்த வேலைன்னு போடுங்க.”

“சொந்த வேலைன்னா என்ன வேலைன்னு யாருக்குத் தெரியும்? இதுதான் வேலை.”

“ஏ.இ.ஓ. ஆபீஸ்ல பாத்தா சிரிப்பாங்க டீச்சரே.”

“சிரிக்கட்டும். மாடசாமி சார் போன மாசம் ஏலக்காய்க்கு மருந்தடிக்க லீவு போட்டாரு. காய்ச்சல்னுதான் எழுதுனாரு. மருந்து வாடையோடதான் திரும்பி வந்தாரு. அப்ப நாம யாரும் சிரிக்கலியே?”

மூலையில் இருந்த மாடசாமி சார் பேப்பரை அகலமாக விரித்து உள்ளே போய்விட்டார். இதை இப்போது படித்தால் அவரும் சிரிப்பார் என்று நம்புகிறேன். ஹெச்.எம். சாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அன்று அவர் அந்தக் காகிதத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டார். டீச்சருக்கு லீவு இருந்தது; அதைக் கேட்டார்; காரணத்தைச் சொன்னார். இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஒரு பெண் தனக்குப் பிடித்த வேலையை முடிக்க ஒரு பகலைக் கேட்பதும், அதற்கு வேறு பெயர் வைக்காமல் கேட்பதும் நான் அதுவரை பார்க்காதது. எங்கள் வீட்டில் அம்மா உட்கார்ந்து பூக் கட்டினால்கூட, வாசலில் ஆள் சத்தம் கேட்டதும் கையில் முறத்தை எடுத்துக்கொள்வார்.

இன்னொரு முறை ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒருவர் டீச்சரின் ஊசிகளைப் பார்த்து மகிழ்ந்துபோனார். இதை வைத்துக் கணக்குப் பாடத்துக்கு ஒரு செயல்பாடு செய்யலாம், கண்ணிகளை எண்ணச் சொல்லலாம், பெருக்கல் வாய்ப்பாடு சொல்லலாம் என்று அடுக்கினார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். “வேண்டாம் சார். கணக்கு நான் கணக்காவே சொல்லிக் கொடுத்துருவேன். இது என்னோடது. இதையும் பாடமாக்கிட்டா எனக்கு என்ன இருக்கு?” என்றார். அவர் எனக்கும் பின்னல் சொல்லித் தரவில்லை. நான் கூச்சத்தை விட்டு ஒரே ஒரு தடவை கேட்டேன். “பகல் பூரா சொல்லிக் குடுத்துத் தொண்டை காஞ்சு வாரேன். இந்த ஒரு வேலையிலயாவது என்னை டீச்சர் ஆக்காத. ஆசையிருந்தா ஃபோன்ல பாரு” என்றார். நான் ஃபோனில்தான் பார்த்தேன். பல மாதம் போராடி ஒரு மஃப்ளர் பின்னிக் கொண்டுபோய்க் காட்டினேன். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கோணலா இருக்கு” என்றார். பிறகு ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஆனா முடிச்சிருக்க” என்றார். எனக்குப் பட்டம் கொடுத்த நாளில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடக்கவில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் அது.

என் சாம்பல் நிற ஸ்வெட்டர் என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். ஓணம் விடுமுறைக்கு அதைப் போட்டுக்கொண்டே ஊருக்குப் போனேன். எங்கள் ஊரில் கம்பளியைத் துவைத்துப் பழக்கமில்லை. வேட்டியும் சேலையும் பருத்திதான். மகள் அழுக்காக ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாளே என்று அம்மா அதைச் சோடாவோடு வெந்நீரில் ஊறவைத்து, துவைகல்லில் நாலு சாத்துச் சாத்தி, முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டார். காய்ந்ததும் அது ஐந்து வயதுப் பிள்ளையின் அளவுக்குச் சுருங்கி, சாக்குப் போலக் கெட்டியாகிவிட்டது. “நான் சும்மா கசக்கத்தானுங் கண்ணு செஞ்சேன்” என்று அம்மா அழாத குறை. நான் பயந்துகொண்டே அதை டீச்சரிடம் நீட்டினேன். அவர் ஓரத்தில் முடிச்சைத் தேடினார். ஊசி முனை உள்ளே நுழையவில்லை. சாலமோன் அண்ணன் வாங்கித் தேடினார். அவராலும் முடியவில்லை.

“ஒங்கம்மாவ ஒரு தடவ இங்க கூட்டிட்டு வா பிள்ள. எஸ்டேட் ரோட்ட அடிச்சுச் சமமாக்கச் சொல்லுவோம்” என்று டீச்சர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “இதப் பிரிக்கவே முடியாது. ஒண்ணோட ஒண்ணு கட்டிப் புடிச்சிருச்சி.” அடுத்த நாள் அதை நாலாக மடித்துத் தன் நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். எனக்கு இன்னொன்று பின்னினார். அம்மாவுக்கு ஒரு சேதியும் சொல்லியனுப்பினார்: பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும், கோபம் எதுவானாலும் கல்லின் மேல் காட்டிக்கொள்ளட்டும். அப்பா அவரைச் ‘சொட்டர் டீச்சர்’ என்று அறிந்ததும் அப்போதுதான்.

இவ்வளவும் சொன்னது, அந்தக் கண்ணாடி அலமாரியைப் பற்றிச் சொல்வதற்காக. பேசியவர்களுக்கு நல்ல மனதுதான், சந்தேகமில்லை. ஆனால் டீச்சர் போன பிறகு ஒரு ஸ்வெட்டரும் திரும்பி வரவில்லை. எல்லோருக்கும் அது திடீரென்று நினைவுப்பொருளாகிவிட்டது. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிற பழைய மாணவர் ஒருவர், தான் நாலாம் வகுப்பில் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட ஸ்வெட்டரைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிப் படம் அனுப்பியிருக்கிறார். குழு முழுக்கக் கும்பிடும் கைகள். தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் ஒரு சிறுமியின் முழுக் கையும் பாதி முதுகும் இருக்கிறது. உங்களுக்குப் பிறகு யாரோ ஒருவர் போட வேண்டியதை நீங்கள் அன்றும் தரவில்லை, இன்றும் தரவில்லை.

போன வாரம் நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பாதி ஸ்வெட்டரைக் கேட்டே விடுவது என்றுதான் போனேன். டீச்சரின் படத்துக்குக் கீழே, வேதாகமத்துக்குப் பக்கத்தில், ஷோகேஸ் கண்ணாடிக்குள் அபிஷாவின் ஸ்வெட்டர் இருந்தது. ஊசியில் இரண்டாவது கைக்கான முதல் சில வரிகள் மட்டும் ஏறியிருந்தன. நூல் தீர்ந்த இடத்தில் பின்னல் நின்றிருந்தது. “அவ கை பட்டது. நாங்க யாரும் தொடல” என்றார் மாமியார். சாலமோன் அண்ணன் டீச்சர் பின்னிக் கொடுத்த பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“அலமாரிக் கமிட்டிக்காரங்க வந்து எடுத்துட்டுப் போறோம்னாங்கம்மா. சரின்னுட்டேன். அவளுக்கு ஒரு மரியாததான?”

“ஆமாங்கண்ணே” என்றேன். கொடுத்த டீயைக் குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் அபிஷா என் மேசைக்கு வந்தாள். “டீச்சர், ரூபி டீச்சர் என் கைய அளந்தாங்கல்ல. எப்ப வரும்?”

“ஒரு கை வேற கலர்ல இருந்தா போட்டுக்குவியா?”

“என்ன கலரு?”

“தெரியல. கிடைக்கிற கலரு.”

யோசித்தாள். “செகப்புன்னா சரி. பச்சைன்னாலும் சரி. ஆனா யாரோடதுன்னு சொல்லணும்.”

ரூபி டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், ஸ்வெட்டர் என்று சொல்ல மாட்டேன். செய்கிற வேலையை அதன் பெயரிலேயே சொல்லும் துணிச்சல். அது முழுதாக இன்னும் வரவில்லை. கொஞ்சம் வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஃபோன் செய்து, பெண் பார்க்க வருகிறார்கள், வருகிற சனிக்கிழமை வந்துவிடு என்றார். முன்னால் என்றால் பரீட்சை என்றோ, பஸ் இல்லை என்றோ சொல்லியிருப்பேன். “வர மாட்டேனுங்கம்மா. ஒரு ஸ்வெட்டர் முடிக்கோணும்” என்றேன். “வர்றவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?” என்றார். அப்படியே சொல்லுங்கள் என்றேன். சொன்னாராம். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம். உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

இத்தனை பக்கமும் சொல்லாமல் தள்ளிப்போட்டதை இனிச் சொல்லிவிடுகிறேன். அலமாரி செய்ய நினைக்கிறவர்கள் செய்யுங்கள்; அதில் புத்தகம் அடுக்கிக்கொள்ளலாம். உங்களுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டர் யாரிடம் இருந்தாலும் அதை இந்த மலர் கைக்கு வந்ததும் வருகிற சனிக்கிழமை காலை ஒன்றாம் வகுப்பு அறைக்குக் கொண்டுவாருங்கள். பிரிக்கப்போகிறோம். இறந்தவர் பின்னியதைப் பிரிப்பதா என்று கேட்பவர்கள், உயிரோடு இருந்தபோது அவர் வேறு என்ன செய்தார் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

சாலமோன் அண்ணே, வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததை எல்லோரும் படிக்கும் இடத்தில் கேட்கிறேன். கமிட்டிக்காரர்கள் வருவதற்கு முன் அந்த ஷோகேஸைத் திறந்து அபிஷாவின் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்களும் வர வேண்டும். எனக்கு ஓரளவு பின்னத் தெரியும், கோணலாகத்தான் வரும். ஆனால் பழைய ஸ்வெட்டரில் எந்த முடிச்சைப் பிடித்து இழுப்பது என்று உங்களைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. நீங்கள் போட்டிருப்பதை நான் கேட்கவில்லை. அது உங்களுக்கு இன்னும் அளவாகத்தான் இருக்கிறது. அபிஷாவின் கையை நேற்று மறுபடியும் அளந்தேன். வளர்ந்திருக்கிறாள். தாமதிக்காமல் வாருங்கள், அண்ணே.